பூட்டைத் திறக்காமலேயே கணக்குப் போடலாம்!

வங்கி வெப்சைட்டுகளின் முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கும் வங்கியின் சர்வருக்கும் இடையே செல்லும் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டுச் செல்கின்றன என்பது இதன் பொருள். அதாவது, வழியில் யார் பிடித்துப் பார்த்தாலும் படிக்க முடியாத குறியீடாக அவை மாற்றப்பட்டிருக்கும். ஹார்டு டிஸ்கில் உள்ள பைல்களையும் இதேபோலப் பூட்டி வைக்கலாம். விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் இந்த வேலையைத்தான் செய்கிறது. லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருக்கும் பைல்கள் திருடியவருக்குப் பயன்படாது.

ஆக, டேட்டா பயணம் செய்யும்போது பூட்டு உண்டு. டிஸ்கில் சும்மா இருக்கும்போதும் பூட்டு உண்டு. ஆனால் அந்த டேட்டாவை வைத்து ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்றால் என்ன ஆகும்? இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும், ஒரு பெயரைத் தேட வேண்டும், ஒரு படத்தை இன்னொரு படத்துடன் ஒப்பிட வேண்டும். எதைச் செய்வதானாலும் முதலில் பூட்டைத் திறந்தாக வேண்டும். வேலை முடியும்வரை டேட்டா சர்வரின் மெமரியில் திறந்து கிடக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கையாளும் சாப்ட்வேர் அது. நோயாளியின் செல்போனிலிருந்து சர்வர் வரை எல்லாம் என்கிரிப்ஷன்தான். டேட்டாபேஸும் என்கிரிப்ஷன்தான். வாடிக்கையாளருக்குக் காட்டும் விளம்பரத் தாளிலும் பெரிய பூட்டுப் படம் போட்டிருந்தார்கள். ஆனால் சராசரி கணக்கிடும் ப்ரோகிராமில் ஏதாவது கோளாறு வந்தால், சரிபார்ப்பதற்காக டெஸ்டிங் பிரிவில் இருந்த யார் வேண்டுமானாலும் ரிப்போர்ட்டுகளைப் பெயருடன் திறந்து பார்க்கலாம். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது, யாருக்கு எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்டது என்பதெல்லாம் எங்கள் ஸ்கிரீனில் வரும். யாரும் திருடவில்லை, யாரும் ஹேக் செய்யவில்லை. கணக்குப் போடுவதற்குத் திறக்க வேண்டியிருந்தது, திறந்தோம்.

சரி, திறக்காமலேயே கணக்குப் போட்டால்? பூட்டிய எண்ணை சர்வருக்கு அனுப்புகிறோம். சர்வர் அது என்ன எண் என்று தெரியாமலேயே கணக்கைப் போட்டு, பூட்டிய விடையைத் திருப்பி அனுப்புகிறது. சாவி நம்மிடம் மட்டுமே இருக்கிறது. விடையை நாம் திறந்து பார்த்துக்கொள்கிறோம். கேட்பதற்கு மோடி வித்தை போலத் தோன்றினாலும் இது இன்று நடைமுறையில் இருக்கும் தொழில்நுட்பம். ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷன் என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும், இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளலாம்.

1978இல் எழுந்த கேள்வி

இன்றைக்கு கிளவுட் என்று பேசுகிறோம். நம் டேட்டா வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ இருப்பது புதிய விஷயம் போலத் தோன்றுகிறது. உண்மையில் 1970களில் கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாத நிறுவனங்கள், பெரிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் நேரத்தை வாடகைக்கு எடுத்துத்தான் வேலை செய்தன. ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசோஸ் ஆகிய மூவர் 1978இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு சிறிய கடன் நிறுவனத்தைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களின் கடன் விவரங்கள் வாடகைக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றை என்கிரிப்ட் செய்துவிட்டால் பாதுகாப்பு. ஆனால் ‘சராசரி கடன் தொகை எவ்வளவு?’ என்று கேட்டால் அந்தக் கம்ப்யூட்டரால் பதில் சொல்ல முடியாது. பூட்டைத் திறக்காமல் பதில் சொல்ல வைக்க முடியுமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி.

இவர்களில் ரிவெஸ்டும் ஏடில்மனும் ஷமிருடன் சேர்ந்து உருவாக்கியதுதான் புகழ்பெற்ற ஆர்எஸ்ஏ முறை. அதிலேயே பாதி விடை ஒளிந்திருந்தது. சிறிய எண்களை வைத்துப் பார்ப்போம். ஆர்எஸ்ஏ முறையில் ஓர் எண்ணைப் பூட்ட, அதை மூன்று முறை தன்னாலேயே பெருக்கி, வரும் விடையை 33ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2ஐப் பூட்டினால் 8. 3ஐப் பூட்டினால் 27. இப்போது எதுவுமே தெரியாத ஒருவர் இந்த 8ஐயும் 27ஐயும் பெருக்குகிறார். 216 வருகிறது. 33ஆல் வகுத்தால் மீதி 18. சரி, 6ஐப் பூட்டினால் என்ன வரும்? ஆறு கன அளவு 216. மீதி அதே 18தான்! அதாவது 2ஐயும் 3ஐயும் பார்க்காமலேயே அவற்றின் பெருக்கலைப் பூட்டிய நிலையில் கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் ஆர்எஸ்ஏயில் பெருக்கல் மட்டும்தான் நடக்கும், கூட்டல் நடக்காது. 1999இல் பாஸ்கல் பேயே வெளியிட்ட முறையில் கூட்டல் நடக்கும், பூட்டிய இரு எண்களைப் பெருக்க முடியாது. 2005இல் போனே, கோ, நிசிம் ஆகியோர் கொடுத்த முறையில் எத்தனை கூட்டல் வேண்டுமானாலும் செய்யலாம், பெருக்கல் ஒரே ஒரு முறை! கூட்டல், பெருக்கல் இரண்டும் தடையில்லாமல் கிடைத்தால் போதும். கம்ப்யூட்டர் செய்யும் எந்த வேலையையும் 0, 1 என்ற பிட்டுகளின் கூட்டல் பெருக்கலாக மாற்றி எழுதிவிடலாம். இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிஃபிக் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் ‘மாட்’ என்ற பட்டன் இருக்கும். ஓர் எண்ணை இன்னொன்றால் வகுத்தால் வரும் மீதியை அது தரும். அது போதும்.

நமது ரகசியச் சாவி 1009. இதை யாரிடமும் சொல்லக் கூடாது. 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கத்தைப் பூட்ட வேண்டும். வழி இதுதான்: அந்த இலக்கத்துடன் ஒரு சின்ன எண்ணைப் பத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். பிறகு சாவியை ஏதாவது ஒரு பெரிய எண்ணால் பெருக்கி அதையும் கூட்டுங்கள். சின்ன எண், பெரிய எண் இரண்டையும் ஒவ்வொரு முறையும் மனம் போனபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

2ஐப் பூட்டுவோம். சின்ன எண் 2, பெரிய எண் 47. ஆக 2 + 20 + 47423 = 47445. அடுத்து 4ஐப் பூட்டுவோம். சின்ன எண் 1, பெரிய எண் 85. ஆக 4 + 10 + 85765 = 85779.

திறப்பது இன்னும் எளிது. 1009ஆல் வகுத்து மீதியை எடுங்கள். மீதியின் கடைசி இலக்கம்தான் செய்தி. 47445ஐ வகுத்தால் மீதி 22, கடைசி இலக்கம் 2. சரியாக வருகிறதா?

இப்போது சாவி தெரியாத நண்பர் ஒருவரிடம் 47445, 85779 என்ற இரண்டு எண்களை மட்டும் கொடுங்கள். கூட்டச் சொல்லுங்கள். 133224 என்று தருவார். நீங்கள் 1009ஆல் வகுத்தால் மீதி 36. கடைசி இலக்கம் 6. அதாவது 2 + 4. பெருக்கச் சொல்லுங்கள். 4069784655 என்ற நீளமான எண்ணைத் தருவார். மீதி 308. கடைசி இலக்கம் 8. அதாவது 2 × 4. கூட்டல், பெருக்கல் இரண்டும் வந்துவிட்டன. உங்கள் நண்பருக்கோ 2 என்றும் தெரியாது, 4 என்றும் தெரியாது.

அந்தச் சின்ன எண் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது இல்லாவிட்டால் 0 என்ற செய்தியை இரண்டு முறை பூட்டினாலே கதை முடிந்தது. 47423, 85765 என்ற இரண்டு எண்களும் வெளியே போயிருக்கும். இவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிப்பது ஏழாம் வகுப்புக் கணக்கு. விடை 1009. சாவி வெளியே வந்துவிட்டது! சின்ன எண்ணைச் சேர்த்து வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பி வைப்பதால்தான் சாவி தப்பிக்கிறது. இந்தக் குழப்பத்தை நாய்ஸ், அதாவது இரைச்சல் என்று அழைக்கிறார்கள்.

ஆனால் பாதுகாப்பு தரும் இந்த இரைச்சல்தான் தொல்லையும் தருகிறது. கால்குலேட்டரில் 4069784655ஐ மறுபடியும் 85779ஆல் பெருக்குங்கள். 349102057921245 வரும். 2 × 4 × 4 = 32, ஆகவே கடைசி இலக்கம் 2 வர வேண்டும். 1009ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 276. கடைசி இலக்கம் 6. தவறு!

என்ன நடந்தது? முதலில் மீதி 22, 14 என்று சின்னதாக இருந்தது. பெருக்கியதும் 308 ஆனது. மறுபடி பெருக்கியதும் 4312 ஆகிவிட்டது. இது சாவியான 1009ஐத் தாண்டிவிட்டதால் வகுக்கும்போது வெட்டுப்பட்டு 276 ஆகிவிட்டது. இரைச்சல் கரையை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கூட்டும்போது இரைச்சல் மெதுவாக வளர்கிறது, பெருக்கும்போது வேகமாக வளர்கிறது. சாவியை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் ஒரு கட்டத்தில் இப்படி ஆகத்தான் செய்யும்.

இது நான் விளையாட்டாகச் சுருக்கியது. இதன் மூலம் 2010இல் வான் டைக், ஜென்ட்ரி, ஹலேவி, வினோத் வைகுண்டநாதன் ஆகிய நால்வர் வெளியிட்ட முறை. அவர்கள் பத்துக்குப் பதில் இரண்டைப் பயன்படுத்தினார்கள், அதாவது ஒரு முறைக்கு ஒரு பிட். ஒரே ஒரு பிட்டை மறைக்க லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண் தேவைப்பட்டது. நமது 1009ஐ நம்பி உங்கள் ஏடிஎம் பின் நம்பரைப் பூட்டிவிடாதீர்கள்! வினோத் வைகுண்டநாதன் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர் என்பது நமக்கு ஒரு கூடுதல் மகிழ்ச்சி.

கண்ணைக் கட்டிக்கொண்டு டைப் அடிப்பவர்

இரைச்சலை அடக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் கிரெய்க் ஜென்ட்ரி. சட்டம் படித்து வக்கீலாக வேலை பார்த்துவிட்டு, பிறகு ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கு வந்தவர். 2009இல் அவர் வெளியிட்ட முறைதான் கூட்டல், பெருக்கல் இரண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யக்கூடிய முதல் முறை.

ஒரு ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி எடுத்தால் எழுத்துகள் மங்கிக்கொண்டே போகும் அல்லவா? இன்னும் இரண்டு முறை எடுத்தால் படிக்கவே முடியாது என்ற நிலையில் என்ன செய்வீர்கள்? ஒருவரிடம் கொடுத்துப் புதிதாக டைப் அடிக்கச் சொல்வீர்கள். மங்கல் போய்விடும். இரைச்சலுக்கும் அதே மருந்துதான். ஒருமுறை பூட்டைத் திறந்து, செய்தியை எடுத்து, புதிதாகப் பூட்டினால் இரைச்சல் குறைந்துவிடும். ஆனால் திறக்க சாவி வேண்டும். சர்வரிடம் சாவி இல்லை, கொடுக்கவும் கூடாது.

ஜென்ட்ரியின் யோசனை இங்கேதான் வருகிறது. பூட்டைத் திறப்பது என்பதும் ஒரு கணக்குத்தானே? வகுத்து மீதி எடுக்கும் கணக்கு. நமது முறையோ எந்தக் கணக்கையும் பூட்டிய எண்களின் மேல் செய்யக்கூடியது. அப்படியானால் சாவியையே என்கிரிப்ட் செய்து சர்வரிடம் கொடுத்துவிடுவோம். சர்வர் அந்தப் பூட்டிய சாவியை வைத்து, ‘திறக்கும் கணக்கை’ப் பூட்டிய நிலையிலேயே செய்யட்டும். வரும் விடை அதே செய்திதான். அதுவும் பூட்டிய நிலையில்தான் இருக்கும். ஆனால் பழைய இரைச்சல் போய், இந்த ஒரு கணக்கினால் வந்த புதிய, குறைவான இரைச்சல் மட்டுமே இருக்கும். டைப் அடிப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டே முழுப் பக்கத்தையும் புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டார்! இதற்கு பூட்ஸ்ட்ராப்பிங் என்று பெயர். திறக்கும் கணக்கே பெரிதாக இருந்தால் அதன் இரைச்சலே கரையைத் தாண்டிவிடும். அதைச் சுருக்குவதற்குத்தான் அவர் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.

முடியும் என்று நிரூபித்துவிட்டார், ஆனால் வேகம்? ஜென்ட்ரியும் ஹலேவியும் 2011இல் ப்ரோகிராமாக எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். பாதுகாப்பு மிகக் குறைந்த சிறிய அமைப்பில் ஒரு முறை பூட்ஸ்ட்ராப் செய்ய 30 விநாடி. பெரிய அமைப்பில் 30 நிமிடம். அந்தப் பெரிய அமைப்பில் பப்ளிக் கீ மட்டும் 2.3 ஜிபி. கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொன்னால் கைதட்டலாம், அலுவலகத்தில் மேனேஜரிடம் சொன்னால் சிரிப்பார்.

அதற்குப் பிறகு வேகம் நன்றாகவே கூடியது. பிராகெர்ஸ்கியும் வைகுண்டநாதனும் 2011இல் வேறு ஒரு கணிதச் சிக்கலை அடிப்படையாக வைத்து முறையை எளிமையாக்கினார்கள். இவர்கள் இருவருக்கும் ஜென்ட்ரிக்கும் சேர்த்து 2022இல் கோடல் பரிசு கிடைத்தது. 2016இல் வந்த டிஎஃப்எச்இ முறையில் பூட்ஸ்ட்ராப் செய்யும் நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சீல் என்ற லைப்ரரி 2018இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. சி++ தெரிந்த கல்லூரி மாணவர்கள் இதை இலவசமாக டவுன்லோடு செய்து சோதிக்கலாம். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுபவர்கள் கவனிக்கவும்.

இருந்தாலும் பூட்டிய கணக்கு, சாதாரணக் கணக்கைவிட இன்றும் ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாகவே ஓடுகிறது. ஒரு முழு மொழி மாடலை இப்படி ஓட்டி அரட்டை அடிப்பதெல்லாம் இப்போதைக்கு நடக்காது.

தேடினால் தெரிந்துவிடுமே!

எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த பகுதி தேடல்தான். சர்வரில் பத்து பேரின் விவரங்கள் இருக்கின்றன. எனக்கு மூன்றாவது விவரம் வேண்டும். ஆனால் நான் மூன்றாவதைத்தான் கேட்டேன் என்று சர்வருக்குத் தெரியக் கூடாது. எப்படி?

பத்து எண்களைப் பூட்டி அனுப்புகிறேன். மூன்றாவது மட்டும் 1. மற்ற ஒன்பதும் 0. பெரிய எண்ணையும் சின்ன எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவதால் ஒன்பது 0களும் ஒன்பது விதமாகத் தெரியும். எது 1 என்று சர்வரால் சொல்ல முடியாது. சர்வர் முதல் விவரத்தை முதல் எண்ணால் பெருக்குகிறது, இரண்டாவதை இரண்டாவதால், இப்படியே பத்தையும் பெருக்கிக் கூட்டுகிறது. 0ஆல் பெருக்கப்பட்டவை எல்லாம் காணாமல் போகும். 1ஆல் பெருக்கப்பட்ட மூன்றாவது விவரம் மட்டும் மிஞ்சும். பூட்டிய நிலையில் அது என்னிடம் வந்து சேரும். எதைக் கொடுத்தோம் என்று கொடுத்தவருக்கே தெரியாது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சர்வர் பத்தையும் தொட்டே ஆக வேண்டும். ஒன்றைத் தொடாமல் விட்டால், ‘இதை இவர் கேட்கவில்லை’ என்று அதற்குத் தெரிந்துவிடும். ஒரு கோடி விவரம் இருந்தால் ஒரு கோடியையும் தொட வேண்டும். சாதாரண ப்ரோகிராமில் இன்டெக்ஸ் பார்த்து நேராக ஒரு வரிக்குப் போய்விடுவோம். இங்கே குறுக்கு வழி என்பதே ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதாகும். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்ற இஃப் கட்டளைக்கும் இதே கதிதான். இரண்டையும் செய்துவிட்டு, வேண்டாததை 0ஆல் பெருக்கித் தள்ள வேண்டும். மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வழியில்தான் இப்போது சில வசதிகள் நம் கைக்கு வந்திருக்கின்றன. 2021இல் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரௌசரில் பாஸ்வேர்டு மானிட்டர் என்ற வசதி சேர்க்கப்பட்டது. நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டு, திருட்டுப்போய் வெளியான பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். பாஸ்வேர்டை மைக்ரோசாஃப்டிடம் காட்டாமலேயே ஒப்பிட ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷன் பயன்படுத்தப்பட்டது. ஆப்பிள் 2024இல் வெளியிட்ட ஐஓஎஸ் 18இல், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அது யாருடையது என்று சர்வரில் தேடும் வசதி வந்தது. எந்த நம்பரைத் தேடுகிறீர்கள் என்பது சர்வருக்குத் தெரியாது. இந்தப் பெயர் காட்டும் வசதிக்காக நம்மில் எத்தனை பேர், முழு அட்ரஸ் புக்கையும் யாரோ ஒரு நிறுவனத்துக்குத் தாரை வார்த்திருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். டாக்டர் நம்பர், வட்டிக்காரர் நம்பர் எல்லாம் அதில் அடக்கம்.

பூட்டாமல் பிரித்து வைப்பது

இதற்குப் பங்காளி போன்ற இன்னொரு வழியும் இருக்கிறது. டென்மார்க்கில் 2008 ஜனவரியில் நடந்த ஒரு ஏலம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே சர்க்கரைக் கிழங்கு பயிரிடும் விவசாயிகள் சுமார் 1200 பேர், பயிரிடும் உரிமையை ஒருவருக்கொருவர் விற்கவும் வாங்கவும் வேண்டியிருந்தது. ஐரோப்பிய யூனியன் கொடுத்துவந்த ஆதரவைக் குறைத்துவிட்டதால் வந்த நிலை. என்ன விலைக்கு எவ்வளவு வாங்குவேன் என்று ஒவ்வொருவரும் சொன்னால்தான் சந்தை விலையைக் கணக்கிட முடியும். ஆனால் கிழங்கை வாங்கும் ஆலை டேனிஸ்கோ ஒன்றுதான். தன் கையில் எவ்வளவு லாபம் நிற்கிறது என்பதை ஆலைக்குத் தெரிவித்துவிட்டு, பிறகு அதே ஆலையிடம் விலை பேச எந்த விவசாயி சம்மதிப்பார்?

அங்கே எண்ணை மூன்று துண்டுகளாகப் பிரித்து மூன்று தரப்பினரிடம் கொடுத்தார்கள். ஒன்று ஆலை, இன்னொன்று விவசாயிகள் சங்கம், மூன்றாவது ஆராய்ச்சிக் குழு. எளிமையாகச் சொன்னால் இப்படி: என் எண் 40. அதை 913, -1250, 377 என்று பிரிக்கிறேன். மூன்றையும் கூட்டினால் 40. உங்கள் எண் 65. அதை -208, 731, -458 என்று பிரிக்கிறீர்கள். முதல் தரப்பு தன்னிடம் உள்ள 913ஐயும் -208ஐயும் கூட்டி 705 என்கிறது. இரண்டாவது -519 என்கிறது. மூன்றாவது -81 என்கிறது. மூன்றையும் சேர்த்தால் 105. நம் இருவரின் மொத்தம் கிடைத்துவிட்டது, தனித்தனி எண் யாருக்கும் தெரியவில்லை. தரப்பினர் தங்களுக்குள் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்தால் மட்டுமே குட்டு உடையும். ஆலையும் சங்கமும் எளிதில் கூட்டுச் சேராது என்பதுதான் இங்கே பூட்டு! விலையைக் கணக்கிடும் வேலை சுமார் அரை மணி நேரத்தில் முடிந்தது.

‘இவ்வளவு சிரமம் எதற்கு, பெயரை நீக்கிவிட்டு டேட்டாவைக் கொடுத்தால் போதாதா?’ என்று அலுவலகக் கூட்டங்களில் ஒருவராவது கேட்பார். 2006இல் ஏஓஎல் நிறுவனம் அப்படித்தான் செய்தது. சுமார் 6,50,000 பேர் தேடிய ஏறத்தாழ இரண்டு கோடி தேடல்களை, பெயருக்குப் பதில் நம்பர் போட்டு ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே ஒரு பெண்மணி யார் என்று பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்து அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். நாம் தேடும் ஊர், நோய், உறவினர் பெயர் எல்லாம் சேர்ந்தால் அதுவே கையெழுத்து மாதிரிதான்.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லி விற்பனை செய்பவர்கள் இனி அதிகமாக வருவார்கள் என்று நினைக்கிறேன். அதனால் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. ஆய்வுக்கூடம் ஒன்று உங்கள் ரிப்போர்ட்டைப் பூட்டி கிளவுடுக்கு அனுப்புகிறது, சாவி ஆய்வுக்கூடத்திடமே இருக்கிறது என்றால், கிளவுட் நிறுவனத்திடமிருந்து பாதுகாப்பு உண்டு, ஆய்வுக்கூடத்து ஊழியரிடமிருந்து இல்லை. நான் மேலே சொன்ன ப்ராஜெக்ட்டில் இந்த முறையைக் கொண்டுவந்திருந்தாலும், சாவி எங்கள் பிரிவின் டிராயரில் இருந்திருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

அடுத்து, பூட்டிய டேட்டாவை சர்வரால் படிக்க முடியாதே தவிர, மாற்ற முடியும். கணக்கே அப்படித்தான் நடக்கிறது. சர்வர் சோம்பேறித்தனமாகத் தவறான கணக்கைப் போட்டு அனுப்பினால் நமக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஆர்எஸ்ஏவை நடைமுறையில் பயன்படுத்தும்போது செய்தியுடன் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் பூட்டுகிறார்கள். நாம் மேலே பார்த்த 8 × 27 வித்தையை யாரும் செய்துவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஒரு இடத்தில் ஓட்டையாக இருப்பது இன்னொரு இடத்தில் வசதியாகிவிடுகிறது.

விடையும் கதை சொல்லும். ஐந்து பேரின் சராசரி சம்பளத்தையும், ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு நான்கு பேரின் சராசரியையும் எனக்குச் சொன்னால், போனவரின் சம்பளத்தை நான் சொல்லிவிடுவேன். எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது. எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்பதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த முறை பூட்டிய பிறகுதான் காப்பாற்றும். பூட்டுவதற்கு முன்பே உங்கள் செல்போனில் உள்ள ஆப் டேட்டாவை எடுத்து வேறு வழியாக அனுப்பினால் கணிதம் என்ன செய்யும்? நம் டேட்டாவைப் படித்துத்தான் பணம் பண்ண வேண்டும் என்ற நிலையில் உள்ள நிறுவனம் தானாக முன்வந்து கண்ணைக் கட்டிக்கொள்ளாது. வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை போல, படிக்காமலே வேலையை முடித்தால் தங்களுக்கும் தலைவலி குறையும் என்று நினைப்பவர்களிடம்தான் இது முதலில் பரவும் என்பது என் கணிப்பு.

நல்ல முறையிலேயே செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். ஐஓஎஸ் 18.1இல் ஆப்பிள், போட்டோவில் இருக்கும் கோபுரம், கோட்டை போன்ற பிரபல இடங்களை அடையாளம் காணும் வசதியைச் சேர்த்தது. படத்தின் அந்தப் பகுதியைச் சுருக்கி எண்களாக்கி, பூட்டி, சர்வருக்கு அனுப்பி ஒப்பிடுகிறார்கள். ஹோமோமார்ஃபிக் முறைதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்க ஐபி முகவரியையும் மறைக்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியில் எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஆன் செய்து வைத்துவிட்டார்கள். 2024 முடிந்து 2025 தொடங்கும் வேளையில் இதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது. என் போட்டோவைப் பற்றிய விவரம், எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டிருந்தாலும், என் வீட்டை விட்டு வெளியே போகலாமா என்று என்னிடம்தானே கேட்க வேண்டும்?

உங்களிடம் ஐபோன் இருந்து, இந்த வசதி வேண்டாம் என்று நினைத்தால் செட்டிங்ஸ் சென்று, ஆப்ஸ் பகுதியில் போட்டோஸைத் தேர்ந்தெடுங்கள். கீழே இறங்கினால் ‘என்ஹான்ஸ்டு விஷுவல் சர்ச்’ என்று இருக்கும். அதை ஆஃப் செய்யவும். நான் ஆன் செய்தே வைத்திருக்கிறேன், ஆனால் அது என்ன செய்கிறது என்று படித்துப் பார்த்த பிறகு.